கவுன்சிலர் எங்கே போயிருந்தார்?

கேள்வி: கொரோனா ஊரடங்கு நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் கவுன்சிலர் என்று ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. காய்ச்சல் முகாம் நடத்தியது, கபசுரக் குடிநீர் கொடுத்தது, அம்மா உணவகத்தில் சாப்பாடு போட்டது எல்லாம் மாநகராட்சி அதிகாரிகளும் ஊழியர்களும்தான். ஆபத்துக்கு வராத கவுன்சிலருக்கு எதற்கு ஒரு தேர்தல்? நிர்வாகத்தை அதிகாரிகளிடமே விட்டுவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், புரசைவாக்கம், சென்னை

பதில்: எட்டிப் பார்க்கவில்லை என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆள் இருந்தால்தானே எட்டிப் பார்ப்பார்? சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேலாக, கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை எல்லாவற்றையும் சேர்த்து, 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் கிடையாது, மேயரும் கிடையாது. நீங்கள் திட்டுகிற ஆள் பதவியிலேயே இல்லை சார். கோவை, மதுரை தொடங்கிக் கடைசிப் பேரூராட்சி வரைக்கும் அன்றைக்கு இதே கதைதான்.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பில் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு மேல்முறையீடு, வார்டு மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போனது, ஆட்சியில் இருந்த அதிமுகவுக்கும் அவசரம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடி என்கிறது அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். கொரோனா மேல் பழியைப் போடவும் வழியில்லை, ஏனென்றால் அது வந்தபோதே நாற்காலிகள் காலியாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்புறம் ஒன்று: கேரளாவில் 2020 டிசம்பரில், தொற்று ஓடிக்கொண்டிருந்தபோதே, மூன்று கட்டமாக உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடித்தார்கள். நாமும் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத்துக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். கவுன்சிலருக்கு ஓட்டுப் போடத்தான் நேரம் வரவில்லை.

அதிகாரிகளும் ஊழியர்களும் உழைத்தார்கள் என்கிறீர்கள், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்து, 2020 மே மாதம் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்ற வேண்டிவந்தபோது, ஆயிரக்கணக்கான பேர் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். தெருமுனைக் காய்ச்சல் முகாம்கள் நிஜமாகவே பயன்பட்டன. அம்மா உணவகத்தில் சமைத்த சுய உதவிக் குழுப் பெண்கள், ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது விடிகாலையில் வந்து இட்லி ஊற்றினார்கள். ரேஷன் கடையில் 2020-இல் வந்த 1000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாக வந்த 4000 ரூபாயும் மட்டும் மாநில அரசுக் கணக்கு, அதை மாநகராட்சி வரவில் எழுதாதீர்கள்.

எனக்கு இருக்கிற குறை வேறு. எல்லாமே மேலிருந்து கீழே வந்தது, கீழிருந்து மேலே போக வழி இல்லை. அதிகாரியின் கையில் எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்ற கணக்கு இருக்கும். கிடைக்காதவன் யார் என்ற கணக்கு தெருவில்தான் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். சண்டை போடாவிட்டால் அடுத்த தடவை ஓட்டு விழாது என்ற பயமும் அந்த ஆளுக்கு இருக்க வேண்டும். மண்டல அலுவலருக்கு அந்தப் பயம் ஏன் வரப்போகிறது? அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, உங்களால் மாற்றவும் முடியாது.

தகரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டில் ஒருத்தருக்குப் பாசிட்டிவ் என்று வந்ததும், வீட்டுக்குள் கர்ப்பிணி இருக்கிறாரா, மாத்திரை வாங்கப் போக வேண்டிய முதியவர் இருக்கிறாரா என்றெல்லாம் பார்க்காமல் வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். நோட்டீஸ் வேறு ஒட்டினார்கள். தகுந்த அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. ஒரு வாசலைப் பற்றி முறையிட டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது என்றால், நடுவில் எத்தனை படிகள் காணாமல் போயிருந்தன என்று பாருங்கள்.

சாப்பாடு விஷயமும் அப்படித்தான். கட்சிகளும் தன்னார்வலர்களும் மக்களுக்கு நேரடியாக உணவு கொடுக்க வேண்டாம், அரசிடம் கொடுங்கள், நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம் என்று 2020 ஏப்ரலில் அரசு சொன்னது. கூட்டம் சேரும் என்பது காரணம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அது நிபந்தனைகளோடு தளர்ந்தது. அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், கேரளாவில் சமுதாயச் சமையலறை தொடங்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே கொடுத்தார்கள். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் சமைத்தார்கள், யாருக்குச் சாப்பாடு போக வேண்டும் என்று வார்டு உறுப்பினரும் தன்னார்வலர்களும் பார்த்துக்கொண்டார்கள், ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும் பொட்டலம் போனது. அங்கே திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று 1996-இலேயே முடிவெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கொரோனா வந்த பிறகு அவசரமாகச் செய்த ஏற்பாடு கிடையாது. கேரளாவிலும் பின்னால் தொற்று எகிறியது, அதை நான் மறைக்கவில்லை. நோயைத் தடுப்பது வேறு, நோய்க்காலத்தில் பக்கத்தில் இருப்பது வேறு.

சாவுக் கணக்கைப் பாருங்கள். 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல பெயர்கள் மாநில அரசின் கொரோனா பட்டியலில் இல்லை என்று செய்தி வந்தது. குழு போட்டு ஆராய்ந்து, ஜூலை 22 அன்று 444 மரணங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். இத்தனைக்கும் பதிவேடு மாநகராட்சியிடமே இருந்தது! மாமன்றம் என்று ஒன்று கூடியிருந்தால், ‘என் வார்டில் இத்தனை பேர் போயிட்டாங்க, உங்க லிஸ்ட்ல ஏன் இல்லை?’ என்று இருநூறு பேரில் ஒருத்தராவது எழுந்து கத்தியிருக்க மாட்டாரா?

கத்தியிருக்க மாட்டார், கமிஷன்தான் வாங்கியிருப்பார் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கலாம். கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் 2020 ஏப்ரலில் இதே சென்னையில் கும்பல் கல் எறிந்ததே, அங்கே ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் கும்பலைச் சமாதானப்படுத்தியிருப்பாரா, இல்லை முன்னால் நின்றிருப்பாரா என்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் நாம் பூப்போட்டுக் கும்பிட்ட தூய்மைப் பணியாளர்கள், 2025 ஆகஸ்டில் தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியபோது மேயரும் கவுன்சிலர்களும் பதவியில்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கவுன்சிலர்களை நீங்கள் பெயர் சொல்லித் திட்டலாம், ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்கலாம். தகரம் அடித்தவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் ஆசைப்படுகிற அதிகாரி ஆட்சியோ சத்தமில்லாமல் வந்தேவிட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் கிராம ஊராட்சித் தலைவர்களுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதுத் தேர்தல் நடத்தாமல், தலைவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்க மறுபடியும் தனி அலுவலர்கள் என்ற அதிகாரிகளைப் போட்டார்கள். 2016-இல் அதிமுக, 2025-இல் திமுக. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கழகங்களுக்கும் அபார ஒற்றுமை.

நகரத்துக்குப் பகுதி சபா என்று ஒன்று 2022-இல் வந்திருக்கிறது, கிராம சபை மாதிரி வார்டு மக்கள் உட்கார்ந்து பேசுவதற்கு. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது? விசாரியுங்கள். அடுத்த கேள்வி அனுப்பும்போது உங்கள் வார்டு எண்ணையும், 2022-இல் அங்கே ஜெயித்த கவுன்சிலரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். யாரையும் கேட்காமல் எழுத வேண்டும்.