மக்கா ஏன் தலைநகர் ஆகவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுப் பகுதிக்காக ஒரு அட்டவணை எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். உமையாக்கள் – டமாஸ்கஸ், அப்பாசியர் – பாக்தாத், பாத்திமியர் – கெய்ரோ, உதுமானியர் – இஸ்தான்புல். தினமும் பார்த்துப் பார்த்து ஒரு சந்தேகம் முளைத்துவிட்டது. இதில் மக்காவும் இல்லை, மதீனாவும் இல்லை. ஒரு மார்க்கத்தின் பெயரால் எழுந்த பேரரசுகள், அது பிறந்த மண்ணில் ஏன் உட்காரவில்லை? இன்னொன்று. தலைநகரை மாற்றினால் துக்ளக் வேலை என்று சிரிக்கிறோம். கலீஃபாக்கள் மாற்றியதை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லையே? பயிற்சி வகுப்பில் கேட்டேன். "கேள்வியில வராதும்மா, விடு" என்றார்கள்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நல்லவேளை, நீங்கள் விடவில்லை.

முதலில் ஒரு திருத்தம். மதீனா இல்லாதது உங்கள் அட்டவணையின் குறை. நபிகளின் காலத்திலும் முதல் மூன்று கலீஃபாக்களின் காலத்திலும் தலைநகர் மதீனாதான். சிரியா, எகிப்து, இராக், ஈரானின் பெரும்பகுதி எல்லாம் கைக்கு வந்தபோது உத்தரவுகள் போனது அந்தப் பேரீச்சந்தோப்பு ஊரிலிருந்துதான். 656-ல் நான்காம் கலீஃபா அலீ அங்கிருந்து இராக்குக்குக் கிளம்பி கூஃபாவில் தங்கினார். அதற்குப் பிறகு எந்தப் பேரரசும் மதீனாவிலிருந்து ஆளவில்லை.

மக்காவுக்கும் ஒரு காலம் இருந்தது. 683-ல் அப்துல்லாஹ் இப்னு சுபைர் மக்காவில் இருந்தபடி தன்னைக் கலீஃபாவாக அறிவித்தார். சில ஆண்டுகள் அவர் கை ஓங்கித்தான் இருந்தது. இராக்கை அவருடைய தம்பி முஸ்அப் பார்த்துக்கொண்டார். 691-ல் முஸ்அப் கொல்லப்பட்டு இராக் உமையாக்களிடம் போனது. அடுத்த ஆண்டே உமையாத் தளபதி ஹஜ்ஜாஜின் படை மக்காவை வளைத்து, அபூ குபைஸ் மலைமேல் கல்லெறியும் பொறிகளை ஏற்றி அடித்தது. இப்னு சுபைர் அந்த முற்றுகையில் இறந்தார். அவர் மக்காவிலிருந்து ஆண்டார் என்பதைவிட, இராக்கின் பணத்திலும் ஆளிலும் ஆண்டார் என்பதே சரி.

ஏன் அப்படி? உங்கள் கேள்விக்கான விடை குர்ஆனிலேயே இருக்கிறது. இப்ராஹீம் நபி தன் சந்ததியில் சிலரை மக்காவில் குடியமர்த்திவிட்டுச் செய்யும் பிரார்த்தனையில் அந்த இடத்தை விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கு என்றுதான் சொல்கிறார். சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்கு வருபவர்களையும் வணிகக் கூட்டங்களையும் நம்பி ஒரு ஊர் வாழலாம். சம்பளம் வாங்கும் பல்லாயிரம் வீரர்களையும் அவர்களின் குதிரைகளையும் அந்த மண்ணை நம்பி நிறுத்த முடியாது.

மதீனா மக்காவைவிடச் செழிப்பு, ஆனாலும் போதாது. 639-ல் அங்கே கடும் பஞ்சம். சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். பிறகு எகிப்து கைக்கு வந்ததும், கலீஃபா உமரின் ஆணைப்படி எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னு ஆஸ் ஒரு வேலை செய்தார். நைல் நதியிலிருந்து செங்கடலுக்குப் போன பழைய ரோமானியக் கால்வாய் தூர்ந்து கிடந்தது. அதைத் தோண்டித் திறந்தார். தானியம் படகில் ஏறி, சூயஸ் பக்கத்தில் இருந்த குல்சும் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் மதீனாவின் துறையான ஜாருக்குப் போனது. தலைநகரின் அடுப்பு எரிய இன்னொரு நாட்டின் நெற்களஞ்சியம் தேவைப்பட்டது (அங்கே கோதுமைதான், நாக்கு பழகிவிட்டது).

இந்தக் கால்வாயை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டு தாண்டி 762-க்கு வாருங்கள். அப்பாசியக் கலீஃபா மன்சூர் இராக்கில் பாக்தாத் என்ற புதுத் தலைநகரைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார். அதே ஆண்டு மதீனாவில் நபியின் வம்சத்தில் வந்த முஹம்மத், 'தூய ஆன்மா' என்று மக்கள் அழைத்தவர், கிளர்ச்சியைத் தொடங்குகிறார். செய்தி கேட்டதும் மன்சூரின் ஆலோசகர் ஒருவர் இறைவனுக்கு நன்றி சொன்னாராம். பணமோ ஆளோ ஆயுதமோ குதிரையோ கிடைக்காத இடத்தில் அல்லவா அவர் எழுந்திருக்கிறார் என்று. வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் வரும் கதை இது. நபிகள் அகழி தோண்டி ஊரைக் காத்ததுபோல முஹம்மதும் தோண்டினார். உதவவில்லை. மன்சூர் அந்தப் பழைய கால்வாயையும் அடைக்கச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள், தானியம் போய்ச் சேராமலிருக்க. ஒரு கால்வாயை அடைத்தால் பட்டினி கிடக்கும் ஊரில் யார் தலைநகர் வைப்பார்கள்?

மன்சூர் தேர்ந்த இடத்தைப் பாருங்கள். டைகிரிசும் யூப்ரடீசும் நெருங்கி வருகிற இடம், நடுவில் கால்வாய்கள். வடக்கே மோசூலிலிருந்து வரும் சரக்கும் தெற்கே பஸ்ராவில் வந்திறங்கும் இந்திய, சீனச் சரக்கும் டைகிரிசில் வரும். சிரியா, ரக்கா பக்கத்துத் தானியம் யூப்ரடீசில் வரும். நம்மவர்கள் மனை வாங்கும்முன் தண்ணீர் பார்ப்பதுபோல, ஒரு கோடைக்கால இரவு அங்கே தங்கித் தூங்கிப் பார்த்தபிறகே முடிவு செய்தார் என்றும் சொல்கிறார்கள். நாள் நட்சத்திரம் குறித்துக் கொடுத்தவர்கள் பாரசீக ஜோதிடர் நவ்பக்த்தும் யூத ஜோதிடர் மாஷா அல்லாஹ்வும்.

நகர் முழு வட்டம். தரையில் சாம்பலால் கோடு போட்டு, மன்சூர் ஒவ்வொரு வாயில் வழியாகவும் நடந்து பார்த்தார். அப்புறம் கோட்டின் மேல் பருத்திக்கொட்டையைப் பரப்பி, நாஃப்தா எண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார். இருட்டில் எரிகிற நெருப்பு வட்டத்தைப் பார்த்தபிறகுதான் அஸ்திவாரம் தோண்டச் சம்மதித்தார். செங்கல் கணக்கு பார்த்தவர்களில் இமாம் அபூ ஹனீஃபாவும் ஒருவர். ஆம், நம்மூர் ஹனஃபி முஸ்லிம்கள் பின்பற்றும் மத்ஹபின், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவின், அதே இமாம். ஒவ்வொன்றாக எண்ணாமல், அடுக்குகளை ஒரு நாணல் கோலால் அளந்து கணக்கு போட்டார் என்பார்கள். பிற்காலத்தில் மதிலின் ஒரு பகுதி இடிபட்டபோது கிடைத்த கல் ஒன்றில், எடை 117 ரத்ல் என்று காவி மையால் எழுதியிருந்தது. நிறுத்துப் பார்த்தால் சரியாக இருந்ததாம். நம் தாத்தாக்கள் சொன்ன 'ராத்தல்' இந்தச் சொல்லின் வழி வந்ததுதான். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 47 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மன்சூருக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'காசுகளின் தகப்பன்'. மேற்பார்வையாளர் ஒருவர் கணக்கில் 15 திர்ஹம் உதைத்தது என்று அதைக் கட்டும்வரை சிறையில் வைத்தவர் என்றால் பெயர் பொருத்தம்தான்.

மதீனாவை அடக்குவதற்குள் முஹம்மதின் தம்பி இப்ராஹீம் பஸ்ராவில் எழுந்துவிட்டார். மன்சூர் கட்டட வேலையை நிறுத்திவிட்டுக் கூஃபாவுக்கு ஓடினார். சாமான்களைப் பார்த்துக்கொள்ள அஸ்லம் என்ற ஊழியரை விட்டுவிட்டுப் போனார். இப்ராஹீம் ஜெயித்துவிட்டார் என்று பொய்ச்செய்தி வர, எதிரி கைக்குப் போகக்கூடாது என்று அஸ்லம் தேக்கு மரம் உட்பட அத்தனையையும் கொளுத்திவிட்டார். அந்தத் தேக்கு நம் பக்கத்துக் காடுகளிலிருந்து கடல் தாண்டிப் போன மரம். கடிதம் எழுதித் திட்டிய மன்சூருக்கு அஸ்லம் எழுதிய பதில், எதிரி எடுத்துக்கொள்வானே என்று பயந்தேன் என்பது. கலீஃபா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லையாம். 15 திர்ஹத்துக்குச் சிறை வைத்த மனிதர்!

இனி துக்ளக். முஹம்மத் பின் துக்ளக் 1327-ல் டெல்லியை விட்டுத் தக்காணத்துத் தௌலதாபாத் போனதற்குத் தக்காணத்தைக் கட்டி ஆளும் கணக்கு இருந்தது. அவரை முழுக்கக் கோமாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் சிரிக்கவேண்டுமென்றால் அப்பாசியர்களிலேயே ஆள் இருக்கிறார்.

836-ல் கலீஃபா முஅதஸிம் பாக்தாதை விட்டு வடக்கே சாமர்ராவுக்குப் போனார். அவர் சேர்த்த துருக்கிய வீரர்கள் கடைத்தெருவில் குதிரையை விரட்டி, கிழவர்களையும் குழந்தைகளையும் மிதித்தார்கள். ஊர்க்காரர்கள் தனியாகச் சிக்கிய வீரனைத் தீர்த்துக்கட்டினார்கள். படையையும் மக்களையும் பிரிக்க ஒரு புது ஊர். அவர் மகன் முத்தவக்கில், 52 மீட்டர் உயரத்துக்குச் சுற்றிச் சுற்றி ஏறும் அந்தப் பிரபலமான மினாராவைக் கட்டியவர், அதோடு நிற்காமல் சாமர்ராவுக்கும் வடக்கே இன்னொரு தலைநகர் எழுப்பித் தன் பெயரையே வைத்தார். தண்ணீருக்காக வெட்டிய கால்வாயில் தண்ணீர் ஒழுங்காக ஏறவே இல்லை. குடிபோய் ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 861-ல் சொந்தக் காவல் வீரர்களே அவரைக் கொன்றார்கள். ஊரும் காலி. அடுத்த 9 ஆண்டுகளில் சாமர்ராவில் நான்கு கலீஃபாக்கள் வந்து போனார்கள். மக்களிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போன படை, கலீஃபாவைத் தன் வீட்டுக் கைதியாக்கிக்கொண்டது. 892-ல் தலைநகர் மறுபடி பாக்தாத்.

பாக்தாத் என்றாலே நினைவுக்கு வரும் ஹாரூன் ரஷீதும் 796-லிருந்து பெரும்பாலும் சிரியப் பக்கத்து ரக்காவில்தான் இருந்தார். பைசாந்திய எல்லைக்கு அது கிட்டம். உதுமானியர்களும் புர்சா, எதிர்னே என்று படை நகர்ந்த திசையில் நகர்ந்து, 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்தவர்கள். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்களுக்கு இடம் விட்டு எழுதுங்கள்.

வட்ட நகரில் இன்று பார்க்க ஒன்றுமில்லை. அரண்மனையின் பச்சைக் குவிமாடம் 941-ல் புயல் மழையில் விழுந்தது; மதிலும் போய்விட்டது. பக்கத்தில் மதாயினில் சாசானிய அரசர்களின் அரண்மனை வளைவு ஒன்று இருக்கிறது. கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும் என்று மன்சூர் அதை இடிக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்றார் அவருடைய ஆலோசகர் காலித் பர்மக்கி. கேட்கவில்லை. கொஞ்சம் இடித்ததும், புதுச் செங்கல் சுடும் செலவைவிட இடிகூலி அதிகம் என்று கணக்கில் தெரிந்தது. நிறுத்திவிட்டார். அந்த வளைவு இப்போதும் நிற்கிறது.

தேர்வில் அப்பாசியர் தலைநகர் என்று கேட்டால் பாக்தாதுக்கான வட்டத்தையே கறுப்பாக்குங்கள். விடைகளில் சாமர்ராவும் இருந்தால் மட்டும் கேள்வியில் ஆண்டு கொடுத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.