இலங்கையில் இலையுதிர்கால நிறங்களைப் பார்த்தபடி ஆற்றோரமாகப் போகும் பாதை உண்டா? ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம்.

ஒக்டோபரில் உங்கள் ஊர் மேப்பிள் காடு முழுக்கச் சிவப்பதுபோல் இங்கே எதுவும் சிவக்காது. இதை முதலே சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்துவிட்டு என்னை ஏசக்கூடாது. ஆனால் வன்னியில் இலையே உதிராது என்று யாராவது சொன்னால், அவர் ஏ9 வீதியில் ஏசி வானுக்குள் நித்திரைகொண்டு போன ஆள்.

நான் வவுனியா. மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்தது. மடு மாதா கோயில் ஆவணித் திருவிழா முடிந்து நாலைந்து நாளில், சனம் குறைந்த பிறகு, கோயிலுக்கு வான் பிடித்தோம். பூவரசங்குளம் தாண்டியதும் மச்சாளின் மகன், "மாமா, எல்லா மரமும் செத்துப்போச்சா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முதிரை மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே பாலையும் வீரையும் கரும்பச்சையாய் நின்றன. அங்கே குளிர் வருகிறதென்று மரம் இலையை விடுகிறது, இங்கே தண்ணீர் இல்லையென்று விடுகிறது, அவ்வளவுதான் என்றேன். சிவப்பு வேண்டுமென்றால் பங்குனிப் பக்கம் வா, கூழா மரம் கொழுந்து விடும், பிறக்கிற இலையே இரத்தச் சிவப்பாக இருக்கும் என்றும் சொன்னேன். பெடியன் நம்பவில்லை.

கோயில் முடிந்து, பிடிவாதமாக எல்லோரையும் தேக்கத்துக்குக் கூட்டிப் போனேன். அருவி ஆற்றை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் திருப்புகிற பழைய அணை அது. அனுராதபுரப் பக்கமிருந்து வருகிற, 164 கிலோமீட்டர் நீள ஆறு, ஓகஸ்ட்டில் மெலிந்து மணலாய்க் கிடக்கும். ஆனால் கரையில் மருத மரங்கள்! வெள்ளைத் தண்டு, ஆற்றுக்குள் இறங்கிய வேர், மேலே பச்சைக் கூரை. சுற்றிவரக் காடு காய்ந்து பழுப்பாய் நிற்க, ஆறு போகிற வழி மட்டும் பச்சைக் கோடாய்த் தெரியும். "செத்துப்போச்சா" என்றவன் ஒரு மணித்தியாலம் தண்ணீரை விட்டு ஏறவில்லை. நான்தான் அந்த மரங்களை நட்டதுபோல் எனக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. ரொறன்ரோ என்று கேள்விப்பட்டதும் வான்காரர் பேசிய வாடகையைக் கூட்டிவிட்டார். மச்சாள் அவரை ஒன்றும் கேட்கவில்லை, இரவு சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "உங்களுக்கும் அதில பங்கிருக்கோ?" என்றாள். பகிடியாம். நான் அன்று டீசலுக்குக் கைக்காசு போட்டது அவளுக்கு இன்னும் தெரியாது.

சரி, உங்களுக்கு வருகிறேன். வாடகையை ஏறுமுன்பே பேசி முடியுங்கள். தேக்கத்திலிருந்து பொழுதுபடமுன் திரும்புங்கள், அந்தப் பக்கம் யானை றோட்டுக்கு வரும். பிள்ளைகளுக்குப் பாலைப்பழம் கிடைத்தால் கொடுங்கள், ஓகஸ்ட்டில் அநேகமாக முடிந்திருக்கும். கிடைத்தால் உதடு ஒட்டும், பயப்பட வேண்டாம்.