ஸ்க்ரீன் துணியை டிரை கிளீனிங் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய ஃபிளாட். ஹால், பெட்ரூம் எல்லாம் சேர்த்து 14 ஸ்க்ரீன். ஒரு வருடத் தூசி ஏறிக் கிடக்கிறது. டிரை கிளீனிங் கடையில் ஒன்றுக்கு 250 ரூபாய் என்று 3,500 கேட்கிறார்கள். வீட்டில் துவைத்தால் சுருங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: எல்லாத் துணிக்கும் அது பொருந்தாது. வீடுகளில் தொங்கும் சாதாரண பாலியஸ்டர் ஸ்க்ரீன் பச்சைத் தண்ணீரில் சுருங்காது. சுருங்குவது பருத்தியும் லினனும்தான், அதுவும் முதல் துவையலில் அதிகம். பட்டு, வெல்வெட், ஜரிகையோ மணியோ வைத்துத் தைத்தது இருந்தால் அதை மட்டும் கடைக்குக் கொடுங்கள். 14-க்கும் பணம் கட்ட வேண்டாம்.

துவைக்கும் முன் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ரப்பர் பூசியதுபோல் வழவழவென்று இருந்தால் அது வெளிச்சம் புகாமல் இருக்கப் பூச்சு போட்ட பிளாக்அவுட் துணி. சுடுதண்ணீர், முறுக்கிப் பிழிவது, நேரடி இஸ்திரி மூன்றுமே அதற்கு ஆகாது. பூச்சு செதில் செதிலாக உரியும். டிரை கிளீனிங் மருந்திலும் சில பூச்சுகள் கெட்டுப்போகும், அதனால் விலை கூடிய ஸ்க்ரீன் என்று கண்ணை மூடிக்கொண்டு கடையில் போடாதீர்கள். தைத்த லேபிளைப் பாருங்கள். அதில் தொட்டிக்குள் கை வைத்த படம் இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டி மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரே கூடாது. வெறும் வட்டமோ, உள்ளே P அல்லது F எழுத்து போட்ட வட்டமோ இருந்தால் டிரை கிளீனிங் செய்யலாம் என்று பொருள். லேபிளை வெட்டிவிட்டிருந்தால், கீழ் மடிப்பின் உள்பக்கத்தை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்த ஸ்க்ரீனைத் தனியாகத் துவையுங்கள்.

சரி, இனி துவையல். ரோட்டோர வீட்டு ஸ்க்ரீனை எடுத்த எடுப்பில் சோப்பில் போடக் கூடாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு மாடியில் உதறிவிட்டு, வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். முதல் தண்ணீர் டிகாஷன் மாதிரி இறங்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும், அப்புறம் சோப்பும் குறைவாகவே போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தூளைவிட லிக்விட் நல்லது. தூள் சரியாகக் கரையாமல் கரும்பச்சை, நீலத் துணிகளில் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

மெஷினில் போடுவதானால் ஹூக்குகளைக் கழற்றிவிடுங்கள். இரும்பு வளையம் வைத்ததென்றால், வளையங்களைச் சேர்த்துக் கட்டி அந்த முனையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போடுங்கள், டிரம்மில் இடிக்காது. 7 கிலோ மெஷின் என்றால் அது காய்ந்த பருத்தித் துணியின் கணக்கு. கனமான ஸ்க்ரீனை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் போட வேண்டாம். ஸ்பின் குறைவாக வையுங்கள். சொட்டுவது நின்றதும், கம்பி துருப்பிடிக்காததாக இருந்தால் அதிலேயே மாட்டிவிடுங்கள். துணியின் கனமே சுருக்கத்தை இழுத்துவிடும், இஸ்திரிச் செலவு மிச்சம்.

வெள்ளை ஸ்க்ரீனில் கறை போகவில்லை என்று பிளீச்சுடன் பாத்ரூம் ஆசிட்டையோ வினிகரையோ கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அதேபோல், ஸ்க்ரீனைக் கழற்ற பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். ஏணி போட்டு, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைக்க வேண்டும்?

பதில்: தூசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் விட வேண்டாம். நடுவில் வாக்குவம் கிளீனரில் பிரஷ் முனை மாட்டி மேலிருந்து கீழாக இழுங்கள், அந்த நேரம் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சாக 60 டிகிரி சுடுதண்ணீர் வேண்டும், பல ஸ்க்ரீன்கள் அதைத் தாங்காது. அதனால் பிள்ளை படுக்கும் அறையில் மட்டுமாவது கனமான ஸ்க்ரீனை எடுத்துவிட்டு, அடிக்கடி துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். வீசிங்குக்கு டாக்டர் கொடுத்த மருந்தை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: லாண்டரியில் கொடுத்த கிரீம் நிற ஸ்க்ரீன் முழுக்க சிவப்புச் சாயம். கேட்டால், 'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அப்படி அச்சடித்துவிட்டதாலேயே கவனக்குறைவுக்கான பொறுப்பு தானாகக் கழன்றுவிடாது. சாயம் போகும் துணியோடு சேர்த்துத் துவைத்தது சேவைக் குறைபாடு. ஸ்க்ரீனை மறுபடி துவைத்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. வெளிச்சத்தில் படம் எடுத்து, வாங்கிய விலைக்கான பில்லோடு இழப்பீட்டுத் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அடுத்த முறை துணியைக் கொடுக்கும்போதே எத்தனை உருப்படி, என்ன நிறம், முன்பே உள்ள கறை எது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.