நாகூர் பக்கம் இரண்டு பேர் ஓட்டும் வேகப் பாய்மரப் படகு வாங்கினால் எதை வாங்கலாம், எப்படிப் பழகலாம்?

கேள்வியில் சொன்னது இவ்வளவு: நீங்களும் தம்பியும் சேர்த்து 120 கிலோ, சென்னையில் அடிப்படைப் பயிற்சி முடித்தாயிற்று, மனசு முழுக்க ஃபார்ட்டிநைனர் (49er) என்ற வேகப் படகு மேல். என் பதில், ஃபார்ட்டிநைனர் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் பழைய 420 வகைப் படகு ஒன்றைத் தேடி வாங்குங்கள். கை பழகிய பிறகு, ஃபார்ட்டிநைனரின் சிறிய வகையான ட்வென்டிநைனரைப் (29er) பற்றி யோசிக்கலாம்.

ஃபார்ட்டிநைனர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஜூலியன் பெத்வைட் வடிவமைத்த படகு, 2000 சிட்னியில் இருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. நம்ம கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக் போனதும் இதில்தான். ஆனால் அது இருவருக்கும் சேர்த்துக் கேட்கிற எடை 150 கிலோவுக்கு முன்னே பின்னே. காற்றோடு போகும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாயான ஜெனக்கர் மட்டுமே 38 சதுர மீட்டர். 120 கிலோவை வைத்துக்கொண்டு ஏறினால், காற்று கொஞ்சம் ஏறினாலே பாயைத் தளர்த்தித் தளர்த்தியே பொழுது போய்விடும். அதோடு நிறுத்தி வைத்தால் அந்தப் படகு தானாக நிற்காது. நாம் எடையை வைத்துத் தாங்கவில்லை என்றால் கவிழ்ந்துவிடும். வலைக்காரர் யாராவது கைகாட்டினால்கூட நின்று பேச முடியாது.

ட்வென்டிநைனர் உங்கள் எடைக்குப் பொருந்தும். ஆனாலும் முதலில் 420 என்று சொல்வதற்குக் காரணம் நம்ம கரை.

கோடியக்கரைக்கு மேற்கே, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கடல் அமைதி, அலை கம்மி. பார்த்ததும் ஆசை வரும். ஆனால் வெகுதூரம் வரை ஆழமே கிடையாது, அடியில் எல்லாம் சேறு. ட்வென்டிநைனர், ஃபார்ட்டிநைனர் இரண்டிலும் அடிப்பலகை (படகுக்குக் கீழே தண்ணீருக்குள் நிற்கும் பலகை) மேலிருந்து நேராகச் செருகுவது. ஓட்டத்தில் தரை தட்டினால் பலகை விட்டுக்கொடுக்காது. படகு சட்டென்று நிற்கும், நீங்கள் இருவரும் முன்னால் பறப்பீர்கள். 420, அதைப் போன்ற 470 இரண்டிலும் பலகை கதவுக் கீல்போல ஒரு முளையில் சுழல்வது. தட்டினால் பின்பக்கம் மடங்கி மேலே வந்துவிடும். முழுசாக இறக்கினால் சுமார் 1 மீட்டர், அந்த ஆழம்கூட இல்லாத இடங்கள் அங்கே நிறைய. (அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.)

நாகை, காரைக்கால் பக்கம் கதை வேறு. திறந்த கடல், கரையிலேயே அலை உடையும். மணலில் இருந்து நேராகத் தள்ளி இறக்குவதைவிட, அரசலாறு அல்லது கடுவையாறு முகத்துவாரம் வழியாக வெளியே போவது மேல். விசைப்படகுகள் போகவர இருக்கும் வழி என்பதால் ஓரமாகவே போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அந்த நெரிசல் இருக்காது, மதியத்துக்கு மேல் கடற்காற்றும் நன்றாக அடிக்கும். பழக அதுதான் நேரம்.

பழைய படகு பார்க்கப் போனால் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மாஸ்ட் (பாய்மரம்) நிற்கும் இடத்தைச் சுற்றி மேல்தளத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பலாப்பழம் தட்டுவதுபோல அடிப்பகுதி முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள்; ஓசை மந்தமாக மாறும் இடத்தில் சந்தேகப்படலாம். பக்கத்துக் காற்றறைகளின் அடைப்பானைக் கழற்றி, படகைச் சாய்த்து, தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சுக்கான் மாட்டும் இரும்பு ஆடுகிறதா என்பதும் முக்கியம். பாய் கிழிந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், அது தீர்க்கக்கூடிய குறைதான். தளம் அமுங்கினால் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள்.

இனி ஓட்டுவது. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருப்பீர்கள். படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆள் போய் நின்று சாய்வை அடக்குவார். டிரபீஸ் செய்வதும் அதே வேலைதான், பலகைக்குப் பதில் மாஸ்டில் இருந்து வரும் கம்பி, இடுப்பில் கொக்கி. 420இல் முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் டிரபீஸ், அதனால் தம்பி உயரமானவர் என்றால் அவரே முன்னால் போகட்டும். கால்களை ஒட்டி வைக்காமல் அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கச் சொல்லுங்கள். காலை விறைத்து நின்றால் முதல் அலையிலேயே சறுக்கி அணியத்தை (படகின் முன்முனையை) சுற்றி வந்துவிடுவார்.

காற்றுக்கு எதிராகப் போகும்போது திடீர் வீச்சு வந்தால் முதலில் மெயின் பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது படகின் முகத்தைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஸ்பின்னக்கர் (முன்னால் உப்பி நிற்கும் பெரிய பாய்) ஏற்றிக்கொண்டு காற்றோடு போகும்போது அதே பழக்கத்தில் காற்றுப் பக்கம் திருப்பினால் படகு சாய்ந்து விழும். அங்கே படகைக் காற்று வரும் பக்கத்தை விட்டு விலக்கி, காற்று போகும் திசையில் ஓட விட வேண்டும். மூளைக்கு இது தெரிந்தால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். லேசான காற்றில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவில், காற்று பக்கவாட்டில் அடிக்கும் கோணத்தில்தான் வேகப் படகுகள் அதிகம் கவிழும். அந்தக் கோணத்தைத் தயங்காமல் கடந்துவிடுங்கள். அங்கே மெல்லத் திருப்புவது பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் ஆபத்தே அதுதான்.

கவிழ்வது சகஜம். ஆழமில்லாத சேற்றில் தலைகீழாகக் கவிழ்ந்தால்தான் சிக்கல், மாஸ்ட் முனை சேற்றில் குத்திக்கொள்ளும். பலகை மேல் ஏறி உலுக்கினால் மாஸ்ட் வளைந்துவிடும். எடையை எடுத்துவிட்டு, அணியத்தில் கயிறு கட்டி, துணைக்குக் கூட வரும் ஃபைபர் படகை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். மாஸ்ட் உச்சியில் ஒரு மிதவை கட்டிவிட்டால் பெரும்பாலும் இந்த நிலைமையே வராது. ஃபைபர் படகு இல்லாமல் போவதாக இருந்தால் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் கச்சான் காற்று (மேல்காற்று) கரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நின்று பார்த்தால் இலைகூட ஆடாது. கொஞ்ச தூரம் வெளியே போனதும் முழு வேகத்தில் வந்து பிடிக்கும், அப்புறம் திரும்புவது பெரும்பாடு. கோடியக்கரைக்கு எதிரே என்றால் இலங்கை எல்லைக் கோட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும் கவலை வேறு. கச்சான் நாளில் கடற்காற்று திரும்பும்வரை காத்திருப்பதே சரி. ஐப்பசி, கார்த்திகையில் படகைக் கரையிலேயே கட்டிப் போட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா செய்ததை நாகைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகும் முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். உறை போட்ட போனில் அந்தக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம்ம கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு என்பதால், குழாய்த் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பிகளுக்கும் கொக்கிக்கும் அது போதும்.