எந்த டிசைன் யாருக்கு? சில கேள்விகள், சில பதில்கள்

நன்றாகப் படம் வரைவேன். டிசைன் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பிரிவை எடுப்பது?

வரையும் கை நல்ல கைமுதல்தான். ஆனால் அதை மட்டும் நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓவியத்தில் நீங்கள் வைத்ததுதான் சட்டம். டிசைனிலோ யாரோ ஒருவருக்கு ஒரு காரியம் நடந்தாக வேண்டும். அந்தக் காரியம் எதில் நடக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிவுகளே பிரிகின்றன. தாளிலும் திரையிலும் செய்தி சொல்வது கிராஃபிக் டிசைன். கையாளும் பொருள் என்றால் இண்டஸ்ட்ரியல் டிசைன். உடையை உருவாக்குவது ஃபேஷன், அந்த உடைக்கான துணியை உருவாக்குவது டெக்ஸ்டைல். இந்தக் கடைசி இரண்டையும் பலர் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டுத் தவிக்கிறார்கள்.

'எது பிடிக்கும்' என்று கேட்டால் எல்லாமே பிடித்த மாதிரிதான் இருக்கும். 'எந்தத் தொல்லையை என்னால் தினமும் தாங்க முடியும்' என்று கேட்டுப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கையேட்டின் அட்டைக்குப் பளீரென்ற நீலத்தைப் போட்டேன். அச்சாகி வந்தபோது ஊதா தட்டி, மங்கிப்போயிருந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால். திரையில் தெரிகிற எல்லா நிறமும் மைக்கு எட்டாது. போதாததற்கு ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு வேறு. வெட்டும் கத்தி சற்று நகரும் என்பதால் படத்தை நாலாபுறமும் சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி விட வேண்டும், நான் விடவில்லை. அன்று முழுக்க மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் மறுநாள் மையைப் பற்றியும் தாளைப் பற்றியும் விசாரிக்கக் கிளம்பிவிட்டேன். உங்களுக்கும் அப்படிக் கிளம்பத் தோன்றும் என்றால், கிராஃபிக் டிசைன் உங்களுக்கு ஒத்துவரும்.

யூஐ, யூஎக்ஸ், புராடக்ட் டிசைன்: மூன்றும் ஒன்றா?

ஒரு செயலியில் பணம் கட்டுகிறீர்கள். பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. பணம் போய்விட்டதா, இல்லையா, மறுபடி அழுத்தலாமா? விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், அடுத்து எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று யோசிப்பது யூஎக்ஸ், அதாவது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்', பயனரின் அனுபவம். அந்தச் செய்தியின் எழுத்தளவு, நிறம், பட்டனின் இடம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது யூஐ, அதாவது 'யூசர் இன்டர்ஃபேஸ்', பயனர் பார்த்துத் தொடும் திரை. இதிலும் ரசனை மட்டும் போதாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறை சொல்கிறது. பார்வை மங்கியவர்களும் படிக்க வேண்டுமே.

'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயர் பதவிக்குள் நுழைந்ததே 1993 வாக்கில், வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோதுதான். வயது குறைந்த துறை என்பதால் பெயர்கள் இன்னும் நிலைக்கவில்லை. 'புராடக்ட் டிசைனர்' என்றால் மென்பொருள் நிறுவனத்தில் யூஐ, யூஎக்ஸ் இரண்டையும் பார்ப்பவர். தொழிற்சாலையில் நாற்காலியோ மிக்ஸியோ வடிவமைப்பவர். படிப்பிலோ வேலையிலோ சேரும் முன் பாடத்திட்டத்தையும் வேலை விவரத்தையும் வரி வரியாகப் படியுங்கள். பெயரை நம்ப வேண்டாம்.

எனக்கு வரையவே வராது. டிசைன் கனவை விட்டுவிடலாமா?

வேண்டாம். லண்டன் பாதாள ரயில் வரைபடத்தைப் பாருங்கள். ஹாரி பெக் வடிவமைத்தது, 1933-இல் வெளியானது. படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரி சாய்வுக் கோடு, அவ்வளவுதான். நிலையங்களுக்கு இடையே உள்ள உண்மையான தூரத்தை அவர் துணிந்து விட்டுவிட்டார். எங்கே மாறி ஏறுவது என்பதுதானே பயணிக்கு வேண்டும்? எதை விடுவது என்று தெரிவதுதான் அங்கே திறமை. தகவல் வடிவமைப்பு, யூஎக்ஸ் இரண்டிலும் கட்டமும் அம்புக்குறியும் போடத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். அனிமேஷன், ஃபேஷன் என்றால் வரையக் கற்றுத்தான் ஆக வேண்டும். அதுவும் பழகினால் வரும்.

இன்டீரியர் டிசைனும் ஆர்க்கிடெக்சரும்?

சுவரை இடிக்கலாமா என்பது போன்ற கேள்விகளை, கட்டமைப்புப் பொறியாளரோடு சேர்ந்து, பொறுப்பேற்றுத் தீர்ப்பது ஆர்க்கிடெக்டின் பக்கம். பல நாடுகளில் அதற்குப் பதிவு கட்டாயம், படிப்பும் நீளம். கட்டிய சுவர்களுக்குள் வெளிச்சம், நடமாட்டம், பொருள்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது இன்டீரியர்.

இண்டஸ்ட்ரியல் டிசைனுக்குப் பொறியியல் தெரிய வேண்டுமா?

பொறியாளர் அளவுக்கு வேண்டாம். அவரோடு உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு வேண்டும். வீட்டில் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துப் பாருங்கள். வாய் சற்று அகலம், அடி சற்று ஒடுக்கம். பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து கீறலில்லாமல் கழன்று வருவதற்காகப் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரியாவது சாய்வு கொடுப்பார்கள். இது தெரியாமல் போடும் வடிவம் கணினியில் மட்டும்தான் அழகாக இருக்கும்.

அதைவிட முக்கியம், பொருளைப் பிடிக்கும் கை. மூட்டுவலியுள்ள தன் மனைவி தோல்சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்த சாம் ஃபார்பர், 1990-இல் தடித்த, வழுக்காத கைப்பிடி வைத்த சமையல் கருவிகளை ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். வலியில்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

சேரும் முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவே இல்லாமல். ஒரு வாரம், மாத்திரை வேளைகளை வயதானவர் கண்ணாடி போடாமலே படிக்கும்படி ஒரே தாளில் எழுதி அமையுங்கள். அடுத்த வாரம், இறுகிய மூடியைத் திறக்க ஒரு பிடியை அட்டையிலும் துணியிலும் செய்து பாருங்கள். மூன்றாம் வாரம், ஒருவர் புதிய செயலி ஒன்றைப் பயன்படுத்தும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எங்கெல்லாம் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமலே எந்த வேலையை மறுபடி எடுத்துத் திருத்தினீர்கள்? அந்தப் பக்கம் போங்கள். திருத்துவதற்கு முந்தைய வடிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை உங்கள் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.