டிஸ்க்கின் சர்வே நம்பர்

ஐயா,

வீட்டில் சர்வர் வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் ஆரம்பித்தேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ் இயங்குதளம், இரண்டு 4 டெராபைட் டிஸ்க். லினக்ஸ் எஸ்டிபி என்று காட்டுவது குடும்பப் படங்களுக்கு, எஸ்டிசி என்று காட்டுவது அதன் நகலுக்கு. தினமும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி முதல் டிஸ்க்கில் உள்ளதை இரண்டாவதில் எழுதும். முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலும் அழித்துவிடும். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் சாயங்காலம் அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களை ஏற்றினேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் அந்தப் படங்கள் மட்டும் இரண்டு டிஸ்க்கிலும் இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்க் கெட்டதாகத் தெரியவில்லை. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் டிஸ்க்கின் பெயர் இல்லை, வரிசை எண். மெஷின் எழுந்திருக்கும்போது எது முதலில் லினக்ஸின் மையமான கெர்னலின் கண்ணில் படுகிறதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி. கரண்ட் வந்ததும் ஒரு டிஸ்க் சுழன்று தயாராக இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும், வரிசை மாறிவிடும். யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றிரவு உங்கள் பழைய நகல் ‘படங்கள்’ என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது, அசல் ‘நகல்’ ஆனது. இரண்டு மணிக்கு ஆர்சிங்க் வந்து, ‘படங்களில் இல்லாதது நகலில் ஏன்?’ என்று நிச்சயதார்த்தத்தைத் துடைத்துவிட்டது. சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது, பாவம்.

இன்னொன்று. இந்த இரண்டு வருடத்தில் அவை இதற்கு முன்பும் இடம் மாறியிருக்கலாம். இரண்டிலும் ஒரே சரக்கு இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வாலாஜா பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு ஜில்லா என்றிருக்கும். 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலை தனியாகப் போனது, நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019இல் இராணிப்பேட்டை. நிலம் ஒரு சாண்கூட நகரவில்லை. வில்லங்கம் பார்க்கப் போனபோது அப்பா மாவட்டப் பெயரைச் சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்தார், எழுத்தர் நிமிரவே இல்லை: “சர்வே நம்பர் சொல்லுங்க.”

டிஸ்க்குக்கும் சர்வே நம்பர் உண்டு. லினக்ஸில் ஃபார்மேட் செய்யும்போதே டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்துக்கு யூயூஐடி என்று எண் ஒன்று எழுதப்படுகிறது, எக்ஸ்ட்4 போன்றவற்றில் 32 இலக்கம். எந்தக் கேபிளில் மாட்டினாலும், வேறு மெஷினுக்கே கொண்டுபோனாலும் மாறாது. பிஎல்கேஐடி கட்டளை கொடுத்தால் காட்டும். எந்த டிஸ்க் எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 (எஸ்டிபியின் முதல் பகுதி) என்று எழுதிய இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த டிஸ்க்கை பிட்டு பிட்டாக குளோன் எடுத்தால் மட்டும் குளோனுக்கும் அதே எண் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

எண் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, லேபிள் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் 3 பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. ‘வேலூர்’ 18 பைட், உள்ளே போகாது, வெட்டிவிடும். ‘அம்மா’ 15, கச்சிதம். என் வீட்டு டிஸ்க்குகள் அம்மா, அப்பா.

கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்ற வேண்டிய நாளில் யூயூஐடியும் லேபிளும் உதவாது, அவை உள்ளே அல்லவா இருக்கின்றன? டிஸ்க் மேலேயே அச்சிட்டிருக்கும் சீரியல் நம்பர்தான் கைக்கு வழிகாட்டி. அதன் கடைசி நான்கு எழுத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற பக்கம் ஒட்டுங்கள். ஒட்டாமல் இருந்து, ஒரு சித்திரை மாத மத்தியானம் வியர்க்க விறுவிறுக்க நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கெட்டதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மெஷினில் சீரியலைப் பார்க்க டெவ் – டிஸ்க் – பைஐடி அடைவைத் (ஃபோல்டரை) திறந்தால் போதும். டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் மலிவான யூஎஸ்பி டாக்கில் மாட்டிய டிஸ்க் என்றால் டாக் தன்னுடைய சீரியலையே காட்டக்கூடும், நம்பாதீர்கள்.

எஃப்எஸ்டேப்பில் எண்ணைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், இன்னொரு குழி இருக்கிறது. டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் எழ வேண்டுமே என்று எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் போடுவோம், போடவும் வேண்டும். ஆனால் ‘படங்கள்’ டிஸ்க் ஒருநாள் வராமல் போனால் அந்த இடத்தில் வெறும் அடைவு நிற்கும். ஆர்சிங்க் அந்தக் காலி அடைவைப் பார்த்து நகல் முழுவதையும் காலி செய்துவிடும். இப்போது போனது ஒரு நாள் படம், அன்றைக்குப் போவது மொத்தமும். ஆகவே இரவு ஆர்சிங்கை ஓட்டும் ஸ்கிரிப்டின் (கட்டளைக் கோப்பின்) முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் இரண்டு இடத்திலும் டிஸ்க் வந்திருக்கிறதா என்று சோதித்து, ஒன்று இல்லையென்றாலும் வெளியேறச் சொல்லுங்கள். அழித்தலை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

சரி, போன படங்களுக்கு வருவோம். எந்த டிஸ்க்கிலிருந்து அழிந்தது என்று பார்த்து அதை உடனே கழற்றி வையுங்கள், இனி அதில் ஒரு பைட் எழுதக் கூடாது. போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினால் கோப்புப் பெயர்கள் போயிருந்தாலும் படங்களில் பெரும்பகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். அதற்கும் முன்னால் போட்டோகிராபருக்கு ஒரு போன் போடுங்கள். கார்டை அவர் அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் அழிப்பார்.