கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க்: மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் இருபது வருடங்களாகக் கிரனைட் மேடை பதித்து, சிங்க் பொருத்தி வருகிறேன். விளிம்பு கல்லுக்கு அடியில் மறைந்துவிடும் எவர்சில்வர் சிங்கைக் கடைகளில் அண்டர்மவுண்ட் என்பார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் கை அறிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பண்டாரவளையில் ஏறிய கடைகள் எல்லாவற்றிலும் 304 வகை எவர்சில்வர் என்றே சொல்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியுமா?

பாதிதான் தெரியும், தம்பி. காந்தம் இறுகப் பிடித்தால் அது 304 இல்லை, வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் பிடிக்காததெல்லாம் 304 ஆகிவிடாது. 201, 202 வகைகளையும் காந்தம் பிடிக்காது, ஏமாறுவது இங்கேதான். 304 வகையில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். 201 வகையில் நிக்கலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, மங்கனீசைக் கூட்டுகிறார்கள். கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும், வீட்டுக்கு வந்த பிறகுதான் 201 துருப்பிடிக்கும். தொட்டியின் மூலையில் மட்டும் இலேசாக ஈர்த்தால் பயப்பட வேண்டாம். அழுத்தி வளைத்த இடத்தில் 304-உம் சற்று ஈர்க்கும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

தகட்டின் தடிப்பைப் பொறுத்தவரை, கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். வீட்டுக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் போதும்.

கொட்டகலையில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டுகிறோம். சமையல் மேடை கொங்கிரீட்டில் போட்டு, மேலே டைல் ஒட்டப்போகிறோம். அதற்கு இந்த சிங்க் சரிவருமா?

வேண்டாம், தங்கச்சி. வெட்டிய டைலின் ஓரம் தொட்டியின் வாயில் திறந்து கிடக்கும். அந்த இணைப்புகளில் நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கும், பாத்திரம் பட்டால் டைல் சில்லாகப் பெயரும். மெலமைன், சிப்போட் பலகை மேடைக்கும் இது ஆகாது. வெட்டுவாயில் ஈரம் ஏறினால் பலகை ஊதிவிடும். கிரனைட், குவாட்ஸ் போன்ற முழுக்கல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். உங்கள் மேடைக்கு மேலிருந்து உட்காரும் சாதாரண சிங்க்தான் பொருத்தம். அது இதைவிடத் தாழ்ந்தது அல்ல. மிஞ்சும் பணத்தில் நல்ல குழாய் ஒன்று வாங்குங்கள்.

சிலிக்கன் ஒன்றே போதும், கல்லைப் போல் பிடிக்கும் என்கிறார் எங்கள் மேசன். நம்பலாமா?

நம்பாதீர்கள். தொடக்க காலத்தில் நானும் அப்படி நம்பித் தலவாக்கலையில் ஒரு வீட்டில் சிலிக்கனை மட்டும் வைத்துப் பொருத்தினேன். சில மாதங்களில் ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கி, கீழே அலுமாரியில் இருந்த அரிசி மூட்டை நனைந்துவிட்டது. அந்த அம்மா ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 20 ஆழமுள்ள தொட்டி நிரம்பினால் 48 லீற்றர், அதாவது 48 கிலோ. அதற்கு மேல் சிங்கின் எடை, ஊறவைத்த சோற்றுப் பானை எல்லாம். இத்தனையும் கல்லின் அடியில் தொங்குகின்றன. சிலிக்கனின் வேலை தண்ணீரை அடைப்பது. பாரத்தைத் தாங்கத் தனியாக ஆள் வேண்டும். அலுமாரியின் உள்ளே இரு பக்கமும் மரச்சட்டம் அடித்து, சிங்கின் விளிம்பை அதன்மேல் உட்கார வைப்பதுதான் என் முறை. சிங்கைக் கல்லோடு பிடிக்கும் கிளிப் போடுவதானால் கல்லில் பாதி ஆழம் மட்டும் துளைத்து, பித்தளைச் செருகியை எபொக்சியில் இறுக்க வேண்டும்.

ஒட்டுமுன் கல்லின் அடியையும் எவர்சில்வர் விளிம்பையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கல் வெட்டிய தூசி இருந்தால் எந்தச் சிலிக்கனும் பிடிக்காது. வினாகிரி வாசம் அடிக்கும் மலிவான சிலிக்கனை வாங்காதீர்கள்; அதிலிருந்து வரும் அமிலம் கல்லுக்கும் உலோகத்துக்கும் நல்லதல்ல. நியூட்ரல் என்று எழுதிய, பூஞ்சணம் பிடிக்காத வகையைக் கேளுங்கள். பெட்டியில் 24 மணித்தியாலம் என்று போட்டிருந்தாலும் எங்கள் குளிருக்கு இரண்டு முழு நாட்கள் விடுங்கள். அதுவரை கீழே முட்டுக் கொடுத்தே வையுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துக்குள் வீடு, பாதை மோசம். கடையிலேயே சிங்குக்கு வெட்டி அனுப்பச் சொல்லலாமா?

வெட்டிய கல்லில் தொட்டிக்கு முன்னால் எஞ்சுவது இரண்டு, இரண்டரை அங்குலப் பட்டைதான். லொறி ஒரு குழியில் இறங்கினால் அது ஒடிந்துவிடும். முடிந்தால் வீட்டில் வைத்தே வெட்டச் சொல்லுங்கள். கடையில்தான் வெட்ட வேண்டுமென்றால், கல்லைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி, மரச்சட்டத்தில் கட்டி ஏற்றுங்கள். வெட்டும்போது நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட வேண்டும். கூரான மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். வெட்டுவாயைப் பளபளப்பாகத் தேய்த்துத் தருவதும் கூலிக்குள் அடக்கம் என்று முன்பே பேசிவிடுங்கள்.

நுவரெலியாவில் புதிதாகப் பொருத்தினோம். சிங்கின் அடிப்பக்கம் நனைந்து சொட்டுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஐயா.

ஒழுக்கே இல்லாமல் இருக்கலாம். குழாயில் வருவது குளிர்ந்த தண்ணீர். அடுப்பு எரியும் சமையலறையில் காற்று வெதுவெதுப்பாக, ஆவி நிறைந்து இருக்கிறது. குளிர்ந்த தகட்டின் அடியில் அந்த ஆவி வியர்த்துச் சொட்டுகிறது. நன்றாகத் துடைத்து, தண்ணீர் திறக்காமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் காய்ந்திருந்து, பாத்திரம் கழுவிய பிறகு தகடு முழுவதும் முத்து முத்தாக அரும்பினால் அது வியர்வைதான். வேஸ்ட் வாயைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் அங்கே ரப்பர் வாஷரைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறப் பூச்சும் தடித்த ரப்பர் அட்டையும் உள்ள சிங்க் அவ்வளவாக வியர்க்காது, சத்தமும் குறையும். மலையில் இருப்பவர்கள் வாங்கும்போதே சிங்கைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தை மாதமும் சிங்க் அடைத்துக்கொள்கிறது. குழாய் சின்னதா?

குழாயும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணம் தேங்காய். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் போத்தலுக்குள் அது வெள்ளையாகக் கட்டிபடுவதைத் தினமும் பார்க்கிறீர்களே, குழாய்க்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. பால்கறிச் சட்டியைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் தளரும். கை பொறுக்கும் சூட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் போதும். சுருக்கம் சுருக்கமான நெளி குழாயை எடுத்துவிட்டு, உட்புறம் வழுவழுப்பான 50 மில்லிமீற்றர் குழாயை அடிக்குக் கால் அங்குல வாட்டம் வைத்துப் போடுங்கள்.

இரண்டு மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். 304 என்று பில் இருக்கிறது, ஏமாந்துவிட்டோமா?

உடனே முடிவு செய்யாதீர்கள், அக்கா. பழைய இரும்புக் குழாயில் வரும் துருத் துகள்களும் கம்பிப் பஞ்சின் துணுக்குகளும் தகட்டில் ஒட்டி, அவைதான் துருப்பிடிக்கும். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் தகட்டின் கோட்டோடு தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் தகடு நல்லதுதான். இனிமேல் கம்பிப் பஞ்சு வேண்டாம், குளோரின் திரவத்தைத் தொட்டியில் தேங்கவும் விடாதீர்கள்.

அம்மா முப்பது வருடம் கொழுந்துக்கூடை சுமந்தவர். முதுகு வளைத்தால் வலி. ஆழமான பெரிய சிங்க் வாங்கலாமா?

பத்து அங்குல ஆழம் வேண்டவே வேண்டாம், தம்பி. கல்லின் கனமும் சேர்ந்து இந்த வகைத் தொட்டியின் அடி இன்னும் முக்கால் அங்குலம் தாழ்ந்து போகும். ஏழு அல்லது எட்டு அங்குலம் போதும். மேடையின் உயரத்தை மேசன் சொல்லும் வழக்கமான அளவில் விடாமல் அம்மாவை வைத்து முடிவு செய்யுங்கள். அவர் நிமிர்ந்து நின்று கையைத் தாழ்த்தினால் விரல்கள் தொட்டியின் அடியைத் தொட வேண்டும். தண்ணீர் வெளியேறும் துளையைப் பின்பக்கம் தள்ளிய சிங்க் கிடைத்தால் கீழே பாத்திரம் வைக்கவும் இடம் கிடைக்கும். அளக்கும் அன்று அம்மா வீட்டில் போடும் செருப்போடு நிற்கட்டும்.